அரிசி நிறைஞ்சிருக்கு

குறைவாக மார்க் வாங்கினால் பாஸ், நிறைய வாங்கினால் பெயில். அப்படி ஒரு பரீட்சை இருக்கிறதென்றால் அது ஏழைகளைக் கணக்கெடுக்கிற பரீட்சைதான். 2003ஆம் வருஷம் அதை வீடு வீடாகப் போய் நடத்துகிற வேலை எனக்குக் கிடைத்தது. பதிமூன்று கேள்விகள். மின்விசிறி இருக்கிறதா, இத்தனை மார்க். நாற்காலி இருக்கிறதா, இத்தனை மார்க். மொத்தம் பதினைந்துக்குள் இருந்தால் வறுமைக்கோட்டுக்குக் கீழே, அதாவது பாஸ். பதினாறு வாங்கிவிட்டால் கோட்டுக்கு மேலே. சந்தோஷம், உங்களுக்கு ஒன்றும் கிடையாது, போய் வாருங்கள்.

என் பெயர் மதிவதனி. அப்பா மேடைப்பேச்சு கேட்டு வளர்ந்தவர். அண்ணனுக்குச் செழியன் என்று வைத்த சூட்டோடு எனக்கும் இப்படி வைத்துவிட்டார். சென்னையில் சமூகப்பணி படித்தேன். நகர்ப்புற வறுமை என்றே ஒரு பாடம் இருந்தது, அதில் அறுபத்தெட்டு மார்க். அந்த அறுபத்தெட்டை நம்பி, தற்காலிக வேலைதான் என்றாலும், கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு திருவண்ணாமலைத் தெருக்களில் நிமிர்ந்து நடந்தேன். வறுமையைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

எனக்குக் கொடுத்த இடம் ஓடைமேடு. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதிகளுக்குப் பின்பக்கம். எளிமையாக வாழ்வது எப்படி என்று தெரிந்துகொள்ள அந்த விடுதிகளுக்குக் கடல் தாண்டி வருகிறார்கள். பின்சுவரை எட்டிப் பார்த்திருந்தால் அறுபத்திரண்டு வீடுகள் அதைத் தினமும் செய்துகொண்டிருப்பது தெரிந்திருக்கும். ஆனால் பின்சுவர் உயரம். மேலே கண்ணாடிச் சில்லு வேறு பதித்திருந்தார்கள்.

கன்னியம்மாள் அக்காவின் வீட்டுக்கு நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அது அன்றைக்கு நாற்பத்தோராவது வீடு. காலையிலிருந்து ஒரே கேள்விகளைக் கேட்டுக் கேட்டு என் நாக்குத் தேய்ந்திருந்தது. அக்கா அப்போதுதான் விளக்கேற்றிவிட்டு, நெற்றியில் குங்குமம் பளிச்சென்று இருக்க வாசலுக்கு வந்தாள். சுண்டல் விற்கிறவள். புருஷன் ராமன் கட்டட வேலைக்குப் பெங்களூர் போனவர். முதலில் பொங்கலுக்குப் பொங்கல் வந்துகொண்டிருந்தார், அப்புறம் எந்தப் பொங்கல் என்று சொல்லாமலே விட்டுவிட்டார். ரேஷன் கார்டும் அவரோடு பெங்களூர் போய்விட்டது. மகள் வேதா பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"வா டீச்சரு, உள்ள வா" என்றாள். ஓடைமேட்டில் நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் டீச்சர்தான்.

நான் கேட்டுக்கொண்டே போனேன், அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். எத்தனை வேளை சாப்பாடு என்றேன். "நேரத்துக்கு ஆயிடுதும்மா" என்றாள். மூன்று வேளை என்று போட்டேன். வீட்டில் தானிய இருப்பு எவ்வளவு என்று ஒரு கேள்வி. அதற்கு எதிரே இல்லை, குறைவு, நிறைவு என்று மூன்று கட்டங்கள்.

"அரிசி இருக்காக்கா?"

"நெறைஞ்சிருக்கும்மா."

நிறைவு என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அடித்துவிட்டு நாற்பத்திரண்டாவது வீட்டுக்குக் கிளம்பினேன். அக்கா வாசல் வரை வந்து, "இதுல பேரு வந்தா சொந்தமா தள்ளுவண்டி குடுப்பாங்களாமே, நெஜமா?" என்று கேட்டாள். நிஜந்தான் என்றேன்.

அந்த வண்டி அவளுக்கு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். அவள் ஓட்டியது வாடகை வண்டி. முருகவேல் என்று ஒருவர் பதினாலு வண்டி வைத்திருந்தார், தினப்படி வாடகை. பௌர்ணமி வந்தால் ஊரே மலையைச் சுற்றுகிறது, லட்சம் லட்சமாய் ஜனம், அத்தனை பேருக்கும் பசிக்கிறது. மாதத்தில் அந்த ஒரு நாள் விற்றால் நாலு நாள் விற்ற மாதிரி. அந்த ஒரு நாள் பார்த்துத்தான் முருகவேல் மூன்று மடங்கு வாடகை கேட்பார். வேலூரிலிருந்து வருகிற வியாபாரிகள் முன்பணம் கட்டி எடுத்துப் போய்விடுவார்கள். வருஷம் முழுக்க அவர் வண்டியைத் தள்ளினவள் பௌர்ணமியன்று மட்டும் அலுமினியக் குண்டானைத் தலையில் வைத்துக்கொண்டு அடி அண்ணாமலை வரை நடப்பாள். கூடவே வேதாவும் பாதிச் சுமையோடு நடக்கும். மறுநாள் அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் தூங்கி வழியும். பத்தாவதோடு நிறுத்திவிடலாமா என்று அக்கா யோசிக்க ஆரம்பித்திருந்தாள். வண்டி வந்தால் வேதா படிக்கும், வராவிட்டால் குண்டான்.

என் பாடப்புத்தகத்தில் இதெல்லாம் இல்லை. ஏழை என்றால் குறைவாகச் செலவு செய்கிறவர் என்று நினைத்திருந்தேன். ஓடைமேட்டில் வண்டிக்குத் தினமும் வாடகை, தண்ணீருக்குக் குடத்துக்கு இவ்வளவு, அரிசி அரைக்கிலோ அரைக்கிலோவாக. மாதச் சம்பளக்காரர்கள் நாங்கள் மூட்டையாக வாங்கிக் கம்மி விலையில் சாப்பிடுகிறோம். ஊரிலேயே ஜாஸ்தி விலைக்கு அரிசி வாங்கிச் சாப்பிடுகிறவள் கன்னியம்மாள்தான்.

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் அதிகாரி சகாதேவன் சார், ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். நல்ல மனுஷர், நேர்மையானவர். கோடு போட்டால் கோணாமல் போடுவார், போட்ட கோட்டை அழிக்கமாட்டார். அக்கா ஆபீசுக்கு வந்து என் மேஜை ஓரமாக நின்றாள்.

"நான் பாஸா பெயிலா, டீச்சரு?"

"நீங்க கோட்டுக்கு மேலக்கா. பதினெட்டு."

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "மேலனா நல்லதுதானே?" என்றாள். நல்லதில்லை என்று நான் விளக்கி முடிப்பதற்குள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சண்டை போடவில்லை. "சரிம்மா, எனக்கு மேல கஷ்டப்படறவங்களுக்குப் போவட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படிச் சொன்னதுதான் எனக்குக் குத்தியது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் மதியச் சோறு இறங்கியிருக்கும்.

என் தப்பு எனக்குத் தெரிந்தது அன்றைக்குச் சாயங்காலம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"மதி, செருப்பைக் கழட்டாத. உப்பு நெறைஞ்சிருக்கு, கடைக்குப் போயி ஒரு பாக்கெட்டு வாங்கியா."

ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றேன். எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் அரிசியோ உப்போ மஞ்சளோ தீர்ந்துபோனால் இல்லை என்று சொல்லமாட்டார்கள். இல்லை என்று வாயால் சொன்னால் இல்லாமலே போய்விடுமாம். அதனால் காலிப் பானையைப் பார்த்துக்கொண்டே நிறைந்திருக்கிறது என்பார்கள். பிறந்ததிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள் நான். இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டே ஆயிரம் தடவை கடைக்கு ஓடியிருக்கிறேன். ஆனால் கையில் படிவம் ஏறினால் காது அடைத்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரத்தில், பொட்டு வைத்த ஒருத்தியைப் பார்த்து அரிசி இருக்கா என்று கேட்டால் வேறென்ன சொல்லுவாள்? படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது என்னைப் பார்த்துத்தான் சொன்னது.

மறுநாள் சகாதேவன் சாரிடம் போய் ஒரு மறுவிசாரணை வேண்டும் என்றேன். என் தப்பு என்று சொல்லவில்லை. "சந்தேகமா இருக்கு சார்" என்று இழுத்தேன். தற்காலிக வேலை, தப்பென்று ஒத்துக்கொண்டால் அட்டையைக் கழற்றி வாங்கிவிடுவார்களோ என்று பயம். அவர் நேரில் பார்க்கிறேன், புதன்கிழமை மதியம் வருகிறேன் என்றார்.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். "வீடு இருக்கற மாதிரியே இருக்கட்டும்க்கா. எதையும் கடன் வாங்கி வெக்காதீங்க. கேட்டா உள்ளதைச் சொல்லுங்க." எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவ்வளவு ஒழுங்காகத் தலையாட்டும்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை சாரோடு போனால் வீட்டில் புது பிளாஸ்டிக் நாற்காலி. மேஜை விசிறி ஒன்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. எவர்சில்வர் தட்டில் வாழையிலை நறுக்கு. சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், வடை, மோர். சார் முதலில் வேண்டாம் என்றார். "பசி நேரத்துல வந்துட்டு, கை நனைக்காம போனா எப்படிங்க சார்?" என்று அக்கா கேட்ட விதத்தில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டார். மூன்றாவது முறை வேண்டாம் என்று இலை மேல் குனிந்து கையால் மறைத்தார். அக்கா கைக்கு மேலேயே போட்டாள். நான் சுவரோரமாக நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆபீசுக்குத் திரும்பி வந்து சார் படிவத்தைத் திருத்தினார். பதினெட்டு இருபத்துமூன்றாகியிருந்தது. "வடை பிரமாதம்மா" என்று என்னிடம் சொன்னார்.

அன்றைக்கே ஓடைமேட்டுக்குப் போய்க் கத்தினேன். "மூளை இருக்காக்கா உங்களுக்கு? ஒரு வேளைச் சோத்துல வண்டியைத் தொலைச்சீங்களே!"

"அதுக்கு? ஆபீசரைத் தரையில குந்த வெச்சி, வெறுந்தண்ணி குடுத்து அனுப்ப சொல்றியா? வண்டி போனா போவுது. நாளைக்கி அந்த மனுசன் எங்கியாவது என்னைப் பார்த்தா, இந்த வூட்டுல தொண்டைய நனைக்க மோரு கூட தர்லனு நெனைப்பாரே."

"அவரு நெனைக்கமாட்டாரு."

"நான் நெனைப்பேன் இல்ல?" என்றாள்.

நாற்காலி மணியம்மாள் வீட்டுடையது. விசிறி இருசப்பன் வீட்டிலிருந்து வந்தது. அரிசி ஐந்து வீடுகளிலிருந்து ஒவ்வொரு ஆழாக்கு. அந்த ஐந்து ஆழாக்கைத் திருப்பிக் கொடுக்கும்வரை அம்மாவும் மகளும் ராத்திரிக்குச் சோறு வடிக்கவில்லை. இதை வேதாதான் எனக்குச் சொன்னாள், அதுவும் அம்மா தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில், அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு.

கடைசியாக ஒரு வழி இருந்தது. ஆட்சேபணை சொல்ல ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள், வேங்கிக்காலில் ஒரு கூடத்தில். அங்கே சம்பந்தப்பட்டவர் தானே வந்து, தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பட்டியலில் கை வைக்க முடியாது. அக்கா வரமாட்டேன் என்றாள். வேதாவின் கணக்கு நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அதைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு, புடவை மாற்றப் போனாள்.

பஸ்ஸில் பாடம் நடத்தினேன்.

"ரேடியோ?"

"இல்ல."

"சைக்கிள்?"

"இல்ல."

"சொந்த நாற்காலி?"

"இல்ல, மணியம்மா வூட்டுது."

"மணியம்மா வீட்டுக் கதை வேணாம்க்கா. இல்லனு மட்டும் சொல்லுங்க. அரிசி?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தாள். உதட்டைக் கூட்டினாள். "நெறை..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பின்சீட்டிலிருந்த ஒருவர், "சொல்லும்மா, டீச்சரு கேக்கறாங்க இல்ல" என்றார். பஸ் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். வேங்கிக்கால் வருவதற்குள் ஏழு தடவை கேட்டேன். ஏழு தடவையும் அந்த இடத்தில் மாடு மாதிரி கால் ஊன்றி நின்றுகொண்டாள். அன்றைக்கும் பார்த்து வெள்ளிக்கிழமை.

கூடத்தில் நாற்பது ஐம்பது பேர். மேஜைக்குப் பின்னால் சகாதேவன் சார், படிவக் கட்டு, சிவப்பு மை. கன்னியம்மாள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் போய் நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"சொல்லும்மா. என்ன ஆட்சேபணை?" சார் அவளை அடையாளம் கண்டுகொண்டார். குரல் கனிவாகத்தான் இருந்தது. "வீட்ல அரிசி இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு போதும்."

அக்கா வாயைத் திறந்தாள்.

"நெறைஞ்சிருக்குங்க சார்."

சார் பேனாவை எடுத்து அடுத்த படிவத்தைப் புரட்டினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. அட்டையாவது, வேலையாவது என்று தோன்றிவிட்டது.

"சார், இல்ல சார்! அரிசி இல்ல. நிறைஞ்சிருக்குனா இல்லனு அர்த்தம். உங்க வீட்ல யாரும் அப்படிச் சொல்லமாட்டாங்களா? நான்தான் தப்பா டிக் அடிச்சேன், என் தப்பு. அன்னிக்கி நீங்க உக்காந்தது கடன் நாற்காலி. விசிறி கடன். நீங்க சாப்பிட்டது அஞ்சு வீட்டு அரிசி சார். அதைத் திருப்பிக் குடுக்கறதுக்கு இவங்க ரெண்டு பேரும் ராத்திரி..."

"ஏய்!" என்றாள் அக்கா.

சகாதேவன் சாரின் காது மடல் சிவந்திருந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கோபம் கூட இல்லை. நடுத்தெருவில் முந்தானையைப் பிடித்து இழுத்தவளைப் பார்க்கிற பார்வை.

அவள் சாரிடம் திரும்பிக் கைகூப்பினாள். "நீங்க ஒண்ணும் நெனைச்சிக்காதீங்க சார். சின்னப் பொண்ணு, வாய் துடுக்கு. சாப்புட்டுப் போனவங்ககிட்ட சோத்துக் கணக்கு சொல்லுவாங்களா யாராவது? எங்க வூட்ல எல்லாம் இருக்கு சார். ஒரு கொறையும் இல்ல."

முடிந்தது என்று நினைத்தேன். சார் பேனாவைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார்.

"எல்லாம் இருக்குதுன்னா, வண்டி எதுக்கும்மா உனக்கு?"

அக்கா, கூடத்தில் இத்தனை பேர் இருப்பது அப்போதுதான் தெரிந்த மாதிரி ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். பிறகு, அவருக்கும் பக்கத்தில் நின்ற எனக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"இருக்கு இருக்குனு இத்தினி வருசமா சொல்லிக்கினே இருக்கேன் சார். ஒரு நாளாவது அது நெஜமா ஆவட்டுமேனுதான்."

சகாதேவன் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கட்டிலிருந்து அவளுடைய படிவத்தைத் தேடி உருவி, அன்றைக்கு ஏற்றிய நாற்காலியையும் விசிறியையும் தானே அடித்துவிட்டு, என் பக்கம் தள்ளினார். பேனாவையும் கொடுத்தார்.

"உன் தப்பு, நீயே திருத்தும்மா. நான் கையெழுத்துப் போடறேன்."

நிறைவு என்று இருந்ததை அடித்தேன். பக்கத்தில் இல்லை என்று எழுத ஆரம்பித்தேன். கன்னியம்மாள் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவளுக்கு ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நான் எழுதி முடிக்கும்வரை அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.